கிளவுட் சாவிச் சேவையை நிரலிலிருந்து அழைத்தல்: டெல்டா மென்பொருள் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு குழுக்கள் பல இயங்குகின்றன. உறுப்பினர்களின் வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், சிட்டா அடங்கல் விவரம் ஆகிய அனைத்தும் அவர்களுடைய தரவுத்தளத்தில்தான் வந்து சேர்கின்றன. அவற்றைக் காக்கக் கூகுள் கிளவுடின் சாவி மேலாண்மைச் சேவையான கிளவுட் கேஎம்எஸ்ஸைப் பைத்தான் லைப்ரரி வழியாக அழைக்க முற்படும்போது எழும் ஐயங்கள் ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முற்பகுதி புதியவர்களுக்கானது, பிற்பகுதி, மென்பொருளை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கானது.

கிளையன்ட் லைப்ரரின்னா என்ன சார்? நேரா அந்த முகவரிக்கே ரிக்வெஸ்ட் அனுப்பினா ஆகாதா?

அனுப்பலாம், வேலையும் நடக்கும். ஆனால் அப்படி அனுப்பும்போது, நீங்கள் யார் என்று நிரூபிக்கும் டோக்கனை வாங்குவது, அது ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும்போது புதுப்பிப்பது, பைட்டுகளை அனுப்பத்தக்க வடிவத்துக்கு மாற்றுவது, தற்காலிகத் தடங்கல் வந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வது, வரும் பிழைகளை வகை பிரிப்பது ஆகிய எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டியிருக்கும். கிளையன்ட் லைப்ரரி இவற்றைச் செய்து முடித்து, "இந்தச் சாவியால் இதை மறையாக்கம் செய்" என்ற ஓர் அழைப்பை மட்டும் உங்களிடம் விட்டுவைக்கிறது. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) என்பது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது. பாதுகாப்பு தொடர்பான இந்த வேலைகளைக் கையால் எழுதுவதில் எந்த ஆதாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

லைப்ரரி செய்யாத வேலை ஒன்று உண்டு. சாவியை யார் பயன்படுத்தலாம், எதை மறையாக்க வேண்டும், சாவி போனால் என்ன ஆகும் என்பனவற்றை அது உங்களுக்காகத் தீர்மானிக்காது. கீழே வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தத் தீர்மானங்களைப் பற்றியவையே.

சாவியை கூகுள்கிட்டயே வெச்சா அவங்க நம்ம டேட்டாவைப் பார்க்க மாட்டாங்களா? அதுக்கு நாமளே கோட்ல ஒரு சாவி வெச்சுக்கலாமே?

கேஎம்எஸ்ஸில் உருவாக்கும் சாவி அந்தச் சேவையை விட்டு வெளியே வருவதில்லை. நீங்கள் கேட்டாலும் அதைப் பதிவிறக்க முடியாது. சிறு தரவை அனுப்பினால் மறையாக்கம் செய்து திருப்பித் தருகிறது. மறையாக்கிய தரவை அனுப்பினால், அனுமதி உள்ளவரா என்று பார்த்துவிட்டுத் திறந்து தருகிறது. மறையாக்கிய தரவு தங்குமிடம் உங்கள் தரவுத்தளமே. கூகுளை முற்றிலும் நம்பாமல் இயங்க வேண்டிய கட்டாயம் உள்ள நிறுவனங்களுக்காகச் சாவியை வெளியில் வேறொருவரிடம் வைக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. நம் பகுதிச் சிறு நிறுவனங்களுக்கு அந்தச் செலவும் சிக்கலும் தேவைப்படாது.

நிரலுக்குள் சாவியை எழுதி வைத்தால், நிரலைப் பார்க்கக்கூடிய ஒவ்வொருவரும் சாவியை வைத்திருப்பவராகிவிடுகிறார். கோப்பு நகலெடுக்கப்பட்டதா என்று அறிய வழியே இல்லை. வேலையை விட்டுச் சென்றவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கவும் முடியாது. சாவிச் சேவையில் அவருடைய அனுமதியை நீக்கினால் போதும்.

எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணணுமா? ஆதார் நம்பர்?

வெளியே போனால் ஒருவருக்குத் தீங்கு வரக்கூடிய விவரங்களை மட்டும் மறையாக்குங்கள்: வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், கடன் நிலுவை, நோய் விவரம் போன்றவை. நெல் ரகம், மூட்டை எண்ணிக்கை, குறுவையா சம்பாவா தாளடியா என்பதெல்லாம் வெளிப்படையாகவே இருக்கலாம். எல்லாவற்றையும் மறையாக்கினால் தேடலும் அறிக்கையும் சிரமப்படும். அந்தச் சிரமத்தைத் தாங்காமல் ஒருநாள் யாரோ எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. எனவே எந்தப் புலத்தை மறையாக்கினோம், ஏன் என்று ஒரு தாளிலாவது எழுதி வைத்திருப்பது நல்லது.

ஆதார் எண்ணைச் சேமிக்கவே வேண்டாம். அதைச் சேமிக்க அனுமதி பெற்றவர்களுக்குத் தனிப் பெட்டகம், வன்பொருள் பாதுகாப்புக் கருவியில் சாவி என்று ஆதார் ஆணையத்தின் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன. உறுப்பினரை அடையாளம் காண உங்கள் சொந்த உறுப்பினர் எண்ணே போதும்.

மும்பையா டெல்லியா? எதுல சாவி உருவாக்கணும்?

உங்கள் சர்வர் எங்கே ஓடுகிறதோ அங்கேயே. சாவிகளின் தொகுப்பான கீ ரிங்குக்கு ஒருமுறை இடம் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைப் பிறகு மாற்ற முடியாது என்பதை மட்டும் மறவாதீர்கள். அந்தத் தொகுப்புக்கு வாடிக்கையாளரின் பெயரை வைக்காதீர்கள். வாடிக்கையாளர் போய்விட்டாலும் பெயர் உங்களிடமே தங்கிவிடும்.

சர்வீஸ் அக்கவுண்டோட ஜேசன் ஃபைலை எங்க வைக்கணும்? கோட் ஃபோல்டர்லயே வெச்சா போதுமா?

சர்வீஸ் அக்கவுண்ட் என்பது மனிதருக்கல்லாமல் நிரலுக்குத் தரப்படும் கணக்கு. அந்தக் கணக்கின் அடையாளச் சாவிதான் ஜேசன் கோப்பில் இருப்பது; கேஎம்எஸ் சாவி வேறு, இது வேறு. முதலில், அந்தக் கோப்பு உண்மையில் தேவையா என்று பாருங்கள். பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் நிரல் கூகுள் கிளவுடின் மெய்நிகர் கணினியிலோ கிளவுட் ரன்னிலோ ஓடினால், அந்த இயந்திரத்தோடு ஒரு சர்வீஸ் அக்கவுண்டை இணைத்துவிடலாம். லைப்ரரி தானாகவே அதைக் கண்டுகொள்ளும். உங்கள் மடிக்கணினியில் எழுதிப் பார்க்கும்போது, ஜிகிளவுட் கருவியின் மூலம் உங்கள் சொந்த மின்னஞ்சலால் உள்நுழைந்தால் போதும். இரண்டிலும் கோப்பு என்ற ஒன்றே இல்லை. ஆகவே திருடுபோகவும் ஒன்றுமில்லை. 2024 மே 3க்குப் பிறகு கூகுள் கிளவுடில் தொடங்கப்பட்ட நிறுவனக் கணக்குகளில் இத்தகைய சாவிக் கோப்பை உருவாக்குவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. "எங்களுக்கு அந்தப் பட்டன் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் பலர். அந்தத் தடையை நீக்க வழி தேடுவதை விட்டுவிட்டு, கோப்பில்லாத வழிக்கு மாறுங்கள்.

அலுவலகக் கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னார்குடியில் ஓர் ஆலையின் எடைமேடைக் கணினியிலிருந்து நேரடியாகச் சாவிச் சேவையை அழைக்க வைப்பது தவறான அமைப்பு. யார் வேண்டுமானாலும் அமரும் கணினி அது. அது உங்கள் சர்வரை அழைக்கட்டும். உள்நுழைந்திருப்பவர் யார் என்று சர்வர் பார்த்துவிட்டுச் சாவிச் சேவையை அழைக்கட்டும். சாவிக்கான அனுமதி அந்த ஒரே சர்வரிடம் மட்டும் இருந்தால், கணக்குக் கேட்கும் நாளில் பதில் சொல்வது எளிது.

ஃபைலை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாங்க. டெலிட் பண்ணிட்டோம். பரவாயில்லையா?

போதாது. அந்தக் கோப்பு எத்தனை கைபேசிகளில் தானாகப் பதிவிறங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு அடுத்த மாற்றத்தில் நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். எங்கே போனாலும் நடைமுறை ஒன்றுதான்: சர்வீஸ் அக்கவுண்டின் அந்தச் சாவியை உடனே முடக்குங்கள், முந்தைய பதிலில் சொன்ன கோப்பில்லாத வழிக்கு நிரலை மாற்றுங்கள், மென்பொருள் ஓடுவதை உறுதிசெய்த பின் சாவியை முழுவதுமாக நீக்குங்கள். இடைப்பட்ட நேரத்தில் அந்த அக்கவுண்டின் பெயரில் என்னென்ன அழைப்புகள் நடந்தன என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கான பதிவு உங்களிடம் இருக்கிறதா என்பது பின்னால் வரும் வேறொரு கேள்வி.

அனுப்பியவரைத் திட்டுவதால் பயனில்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்.

என் லேப்டாப்ல சூப்பரா ஓடுது. சர்வர்ல போட்டா 403 வருது. அதே கோட் தான், ஒரு எழுத்துகூட மாத்தல.

இது மிக அதிகமாக வரும் கேள்வி. 403 என்றால் அனுமதி மறுப்பு. நிரல் ஒன்றுதான், ஆனால் இரண்டு இடங்களிலும் அழைப்பவர் வேறு வேறு ஆள். லைப்ரரி அடையாளத்தைத் தேடும் வரிசை இது: சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிளில்) சாவிக் கோப்பின் பாதை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும், அடுத்து, ஜிகிளவுட் மூலம் அந்தக் கணினியில் யாராவது உள்நுழைந்திருக்கிறார்களா என்று பார்க்கும், கடைசியாக, இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட சர்வீஸ் அக்கவுண்டைப் பார்க்கும். மடிக்கணினியில் இரண்டாவது வழியில் நீங்களே அழைக்கிறீர்கள். திட்டத்தின் உரிமையாளர் என்பதால் எல்லாக் கதவும் திறக்கிறது. சர்வரில் மூன்றாவது வழியில் அழைப்பவர், எந்த அனுமதியும் தரப்படாத ஒரு சர்வீஸ் அக்கவுண்ட்.

தீர்வு, அந்தச் சர்வீஸ் அக்கவுண்டுக்கு வேண்டிய ரோலை (அனுமதித் தொகுப்பை), வேண்டிய சாவியின் மேல் மட்டும் தருவது. விவரங்களைப் பதிவுசெய்யும் பகுதிக்கு மறையாக்கும் ரோல் மட்டும் போதும். பணம் அனுப்பும் பகுதிக்குத்தான் திறக்கும் ரோல் வேண்டும். அவசரத்தில் திட்டம் முழுவதற்கும் உரிமையாளர் ரோலைக் கொடுத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று நகர்ந்துவிடாதீர்கள். சாவி நிர்வாகி என்ற ரோலைக் கொடுத்தாலும் 403 தொடரும்; அந்த ரோல் சாவிகளை நிர்வகிக்கும், அவற்றால் எதையும் மறையாக்கவோ திறக்கவோ செய்யாது. இரண்டு வேலையும் ஒருவர் கையில் சேரக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். பிழைச் செய்தியின் இறுதியில் "அல்லது அது இல்லாமலும் இருக்கலாம்" என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கும். சாவியின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும், மும்பைக்குப் பதில் வேறு இடம் குறிக்கப்பட்டிருந்தாலும் இதே செய்தியே வரும், ஏனெனில் ஒரு சாவி இருக்கிறதா இல்லையா என்பதையே அனுமதி இல்லாதவருக்குச் சொல்ல மாட்டார்கள். மெய்நிகர் கணினி என்றால், அதற்குத் தரப்பட்ட அணுகல் வரம்பு குறுகலாக இருக்கலாம். அனுமதியை இப்போதுதான் கொடுத்தீர்கள் என்றால் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்.

நேத்து வரைக்கும் ஓடிச்சு. இன்னிக்குக் காலைல டோக்கனே கிடைக்கலங்குது. எதையும் தொடல.

கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். சாவிக் கோப்பைக் கொண்டு டோக்கன் கேட்கும்போது அந்தக் கோரிக்கையில் நேரமும் கையெழுத்திடப்படுகிறது. அந்த நேரம் உண்மையான நேரத்திலிருந்து மிகவும் விலகியிருந்தால் கோரிக்கை மறுக்கப்படும். மதர்போர்டின் சிறு பேட்டரி தீர்ந்த பழைய கணினியில் இரவு மின்சாரம் போய் வந்தால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்யும் அமைப்பை இயக்கி, பேட்டரியையும் மாற்றுங்கள்.

பேரைத் தமிழ்ல அனுப்பினா எரர் அடிக்குது. திரும்ப வர்றதும் குப்பை மாதிரி இருக்கு.

சாவிச் சேவைக்கு எழுத்துகள் தெரியாது. பைட்டுகள் மட்டுமே தெரியும். அனுப்புவதற்கு முன் உரையை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்ற வேண்டும். திறந்து வாங்கிய பின் அதே முறையில் உரையாக்க வேண்டும். மறையாக்கி வந்ததை மட்டும் உரையாக்க முயலாதீர்கள். அது எந்த மொழியின் எழுத்தும் ஆகாது. தரவுத்தளத்தில் அதைப் பைட்டுகளுக்கான புலத்தில் வையுங்கள். உரைப் புலம்தான் இருக்கிறது என்றால் பேஸ்64 வடிவத்துக்கு (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறைக்கு) மாற்றி வையுங்கள்.

அளவையும் கவனியுங்கள். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் ஆகும். "தஞ்சாவூர்" என்ற சொல் 9 குறியீடுகள், 27 பைட்டுகள். மறையாக்கிய பின் சாவிப் பதிப்பின் குறிப்பும் சரிபார்ப்புத் தகவலும் சேர்ந்து அது இன்னும் நீளும். 20 எழுத்துகளுக்கு ஒதுக்கிய புலத்தில் வைத்தால் சில தரவுத்தளங்கள் ஓசையில்லாமல் வாலை வெட்டிவிடும். ஒரு பைட்டு குறைந்தாலும் அதை இனி யாராலும் திறக்க முடியாது.

ரெண்டாயிரம் உறுப்பினர் லிஸ்ட் எடுத்தா ரிப்போர்ட் வர ரொம்ப நேரம் ஆகுது. ஸ்கேன் பண்ண பட்டாவை அனுப்பினா பெரிசா இருக்குன்னு திருப்பி அனுப்புது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தரவு முழுவதையும் சாவிச் சேவைக்கு அனுப்புகிறீர்கள். மென்பொருள் சாவியால் ஒரே அழைப்பில் 64 கேபி வரைதான் மறையாக்க முடியும். மேலும் ஒவ்வோர் அழைப்பும் இணையத்தில் போய் வருவது. ஒன்றுக்கு 30 மில்லி விநாடி என்று வைத்தாலும் 2,000 அழைப்புக்கு ஒரு நிமிடம் போய்விடும். அழைப்பின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணமும் உண்டு.

உறை மறையாக்கம் என்ற முறைக்கு மாறுங்கள். உங்கள் சர்வரிலேயே ஒரு தரவுச் சாவியை உருவாக்கி, அதனால் தரவை மறையாக்குங்கள். அந்தச் சிறிய தரவுச் சாவியை மட்டும் கேஎம்எஸ்ஸிடம் அனுப்பி மறையாக்கி வாங்கி, தரவின் பக்கத்திலேயே வையுங்கள். வங்கி லாக்கரில் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் வைக்காமல் பீரோ சாவியை மட்டும் வைப்பது போன்றது இது. ஒவ்வோர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் ஒரு தரவுச் சாவி என்று வைத்தால், 2,000 பேர் பட்டியலுக்கு ஒரே ஓர் அழைப்பு போதும். எஞ்சியவை நினைவகத்தில் நொடிக்குள் முடியும். இதைக் கையால் எழுத வேண்டாம். கூகுளே திறந்த மூலமாக வெளியிட்டிருக்கும் டிங்க் லைப்ரரியில் இந்த முறை அமைந்திருக்கிறது.

இன்னொன்று. ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக ஒரு கிளையன்ட் பொருளை (ஆப்ஜெக்டை) உருவாக்கும் நிரல்களை நிறையப் பார்க்கிறேன். அதை ஒருமுறை உருவாக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். கியூனிகார்ன் போன்ற பைத்தான் சர்வர்களில், வேலையைப் பங்கிட்டுச் செய்யும் வொர்க்கர்கள் (தனித்தனிச் செயல்முறைகள்) பிரிவதற்கு முன் உருவாக்கினால் அழைப்பு அப்படியே தொங்கி நிற்கக்கூடும். பிரிந்த பின் ஒவ்வொரு வொர்க்கரும் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளட்டும்.

போன் நம்பரை வெச்சுத் தேடினா கிடைக்க மாட்டேங்குது. ஒரே நம்பர் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருதே?

அப்படி வருவதுதான் முறை. ஒவ்வொரு மறையாக்கத்திலும் புதிய தற்செயல் எண் கலக்கப்படுவதால், ஒரே எண் இரண்டு இடத்தில் இருப்பதை வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. தேடலுக்குத் தனியாக ஒரு புலம் வையுங்கள். அதில் அந்த எண்ணின் ஹெச்மேக் மதிப்பைச் சேமியுங்கள். ஹெச்மேக் என்பது ஒரு ரகசியச் சாவியைக் கலந்து கணக்கிடும் அடையாள மதிப்பு; ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே மதிப்பு வரும், அதிலிருந்து எண்ணைத் திரும்பப் பெற முடியாது. தேடும்போது தேடும் எண்ணுக்கும் ஹெச்மேக் கணக்கிட்டு ஒப்பிடலாம்.

சிலர் சாவியில்லாத சாதாரண ஹாஷ் மதிப்பை வைத்துவிடுகிறார்கள். இந்தியக் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள்தாம். அத்தனைக்கும் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடுவது இன்றைய கணினிக்குச் சிறு வேலை. ஆகவே ஹெச்மேக்குக்கு ஒரு சாவி கட்டாயம். அந்தச் சாவியைக் கூகுள் கிளவுடின் ரகசியச் சேமிப்பகமான சீக்ரெட் மேனேஜரில் வைக்கலாம். தமிழ்ப் பெயரால் தேடுவதானால், "கொ" என்பதிலுள்ள உயிர்க்குறி சில விசைப்பலகைகளில் ஒரே குறியீடாகவும் சிலவற்றில் இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், பைட்டுகள் வேறு, ஹெச்மேக்கும் வேறு. கணக்கிடும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்னும் யூனிகோடின் சீரான வடிவுக்குக் கொண்டுவாருங்கள். கொரடாச்சேரிக்காரர்கள் பட்டியலில் பாதிப்பேர் காணாமல் போவதற்குக் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

என்கிரிப்ட் பண்ணியாச்சுன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?

படிக்க முடியாது. ஆனால் இடம் மாற்ற முடியும். தரவுத்தளத்தில் எழுதும் அனுமதி மட்டும் உள்ள ஒருவர், தன்னுடைய மறையாக்கிய வங்கிக் கணக்கு எண்ணை நகலெடுத்து, வேறு உறுப்பினரின் வரியில் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? அவருக்குச் சாவி தேவையில்லை. எதையும் திறக்க வேண்டியதில்லை. கொள்முதல் பணம் அனுப்பும் நாளில் உங்கள் நிரல் அதைச் சரியாகத் திறந்து, ஒழுங்காகத் தவறான கணக்குக்கு அனுப்பிவிடும். மறையாக்கத்தை நம்பியிருக்கும் பல மென்பொருள்கள் இந்த இடத்தில் திறந்தே கிடக்கின்றன என்பது எனக்கு உண்மையான கவலை.

இதற்கான மருந்து லைப்ரரியின் அதே அழைப்பிலேயே இருக்கிறது. மறையாக்கும்போது, கூடுதல் சரிபார்ப்புத் தரவு என்ற இடத்தில் நிறுவன எண், உறுப்பினர் எண், புலத்தின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அது மறையாக்கப்படாது, மறையாக்கியதற்குள் சேமிக்கப்படவும் மாட்டாது. ஆனால் திறக்கும்போது எழுத்துப் பிசகாமல் அதையே மறுபடி தந்தால்தான் திறக்கும். வேறு வரியில் ஒட்டினால் உறுப்பினர் எண் மாறிவிடும். சேவை திறக்க மறுத்து 400 பிழை தரும். டிங்க்கிலும் இதே வசதி உண்டு. மாறக்கூடிய விவரத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். பெயரைச் சேர்த்துவிட்டுப் பிறகு எழுத்துப்பிழை திருத்தினால் அந்த உறுப்பினரின் கணக்கு எண்ணைத் திறக்க முடியாமல் போகும்.

சாவியை மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்தணும்னு ஆடிட்டர் சொல்றார். பழைய டேட்டா என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. சாவியை மாற்றுவது என்றால் அதே சாவிக்குள் ஒரு புதிய பதிப்பு உருவாகி முதன்மையாகிறது. இனி வரும் மறையாக்கங்கள் அதைப் பயன்படுத்தும். பழையவற்றைத் திறக்கும்போது, எந்தப் பதிப்பால் மறையாக்கப்பட்டன என்பதைச் சேவையே அறிந்துகொள்ளும். நிரலில் எதையும் மாற்ற வேண்டாம். 90 நாள் என்று கால அளவைக் குறித்துவிட்டால் தானாக நடக்கும்.

பழைய தரவு புதிய பதிப்புக்குத் தானாக மாறாது என்பதையும் ஆடிட்டரிடம் சொல்லுங்கள். மாற்ற வேண்டுமென்றால் நீங்களே திறந்து மறுபடி மறையாக்க வேண்டும். உறை முறையில் தரவுச் சாவிகளை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஒரு தரவுச் சாவியே வெளியே போய்விட்டதென்றால் அதன் கீழுள்ள தரவு முழுவதையும் புதிதாக மறையாக்கியாக வேண்டும். ஹெச்மேக் சாவிக்கு இந்த வசதி கிடையாது. அதை மாற்றினால் தேடல் புலம் முழுவதையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

பழைய வெர்ஷனுக்கெல்லாம் பில் வருது. அழிச்சுடலாமா?

அழிக்கப்படாத ஒவ்வொரு பதிப்புக்கும் மாதக் கட்டணம் உண்டு என்பது சரி. ஆனால் ஒரு பதிப்பு அழிந்தால், அதனால் மறையாக்கிய அனைத்தும், உங்கள் பேக்கப்பில் இருப்பவை உட்பட, நிரந்தரமாகப் போய்விடும். கூகுளிடம் மன்றாடினாலும் திரும்ப வராது. அழிக்கச் சொன்னதும் உடனே அழியாமல் இயல்பாக 30 நாள் காத்திருப்பு இருக்கிறது, அதற்குள் மீட்டுவிடலாம். அந்த 30 நாளை மட்டும் நம்பாதீர்கள். குறுவைக் கணக்கை முடித்துவிட்டால் சம்பா அறுவடை வரை பழைய பதிவுகளைத் தொடாத நிறுவனங்கள் இருக்கின்றன. பிழை தெரியும்போது காலம் கடந்திருக்கும். முதலில் பதிப்பை முடக்கி, ஒரு முழு வேளாண் ஆண்டு ஓடவிட்டு, எந்த இடத்திலும் பிழை வரவில்லை என்று கண்ட பின் அழியுங்கள். முடக்கியதை மறுபடி இயக்குவது எளிது.

நாங்க ஏடபிள்யூஎஸ்ல இருக்கோம். இதெல்லாம் பொருந்துமா?

கருத்துகள் எல்லாம் பொருந்தும். அமேசானின் கிளவுடான அங்கே, பைத்தானிலிருந்து அழைக்கும் லைப்ரரி போட்டோ3 (boto3). நேரடி மறையாக்கத்தின் எல்லை 4 கேபி மட்டுமே என்பதால் உறை முறை முதல் நாளிலிருந்தே தேவைப்படும், அதற்கான தரவுச் சாவியைச் சேவையே உருவாக்கித் தரும். சாவியை நீக்கும் காத்திருப்பு 7 முதல் 30 நாள். இந்தியாவில் மும்பை, ஹைதராபாத் என்று இரு இடங்கள்.

யார் எப்ப டிகிரிப்ட் பண்ணினாங்கன்னு பார்க்கப் போனேன். லாக்ல ஒண்ணுமே இல்ல!

சாவியை உருவாக்கியது, அனுமதி மாற்றியது போன்ற நிர்வாகச் செயல்கள் எப்போதும் பதிவாகும். 400 நாள் இருக்கும். ஆனால் மறையாக்குவதும் திறப்பதும் தரவு அணுகல் பதிவில் சேர்ந்தவை. அந்தப் பதிவு இயல்பில் அணைக்கப்பட்டிருக்கும். நீங்கள் இயக்கினால்தான் எழுதத் தொடங்கும். நடந்து முடிந்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இன்றே இயக்குங்கள். இயக்கிய பின்னும் அது இயல்பாக 30 நாள்தான் வைக்கப்படும். நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணையில் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. மும்பையில் ஒரு பதிவுப் பெட்டியை உருவாக்கி 180 நாளுக்குக் குறையாமல் கால அளவு வையுங்கள்.

உறை முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. தரவுச் சாவி திறக்கப்பட்டது மட்டுமே கேஎம்எஸ் பதிவில் தெரியும். அதன் பிறகு எந்த உறுப்பினரின் விவரம் பார்க்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. அதை உங்கள் மென்பொருளே எழுதி வைக்க வேண்டும்: யார், எப்போது, எந்த உறுப்பினர். பார்க்கப்பட்ட கணக்கு எண்ணையே பதிவில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் இல்லாத ஊர்ல நெல் எடுக்கிறோம். அப்ப கேஎம்எஸ்ஸை எப்படிக் கூப்பிடறது? டேப்லெட்லயே சாவியை வெச்சுடலாமா?

திறக்கும் சாவியை டேப்லெட்டில் வைக்கவே கூடாது. அறுவடைக் காலத்தில் களத்தில் கைமாறிக்கொண்டே இருக்கும் கருவி அது. அதே வேளையில், இணையம் இருக்கும் என்று நம்பி எழுதுவதும் இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாள் கணக்கில் இல்லை. சாதாரண ஐப்பசி மழைக்கே கைபேசிக் கோபுரம் படுத்துவிடும் ஊர்கள் உண்டு.

இதற்குப் பொதுச் சாவி முறை பொருத்தமானது. அதில் சாவி இரண்டு பாதிகளாக இருக்கும்: பொதுப் பாதியால் மறையாக்க மட்டுமே முடியும், தனிப் பாதியால்தான் திறக்க முடியும். கேஎம்எஸ்ஸில் ஆர்எஸ்ஏ 3072 வகையில், திறப்பதற்கான இணைச் சாவியை உருவாக்குங்கள். அதன் பொதுப் பாதியைப் பதிவிறக்கிச் செயலியோடு சேர்த்து அனுப்புங்கள். தனிப் பாதி சேவைக்குள்ளேயே இருக்கும். டேப்லெட் ஒவ்வொரு பதிவுக்கும் 32 பைட்டு தரவுச் சாவி ஒன்றை உருவாக்கி, விவரத்தை அதனால் மறையாக்கி, தரவுச் சாவியைப் பொதுப் பாதியால் மறையாக்கி வைத்துக்கொள்ளும். பிறகு தரவுச் சாவியை நினைவகத்திலிருந்து அழித்துவிடும். இதற்கெல்லாம் இணையம் வேண்டாம். விவரத்தை நேரடியாகப் பொதுப் பாதியால் மறையாக்க முயலாதீர்கள். இந்த வகையில் ஒரே முறையில் 318 பைட்டுகள்தாம் கொள்ளும். டேப்லெட் தொலைந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. பதிவு செய்த ஊழியராலும் திரும்பத் திறக்க முடியாது. ஆகவே சரிபார்க்கக் கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கங்களை மட்டும் வெளிப்படையாக வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இணைச் சாவிகளுக்குத் தானாகப் பதிப்பு மாறும் வசதி இல்லை. திறக்கும்போது எந்தப் பதிப்பு என்று நீங்களே குறிப்பிட வேண்டும். சாவி மாற்றத்தைப் பற்றி மேலே சொன்ன சௌகரியம் இங்கே கிடையாது என்பதால், ஒவ்வொரு பதிவிலும் பதிப்பு எண்ணைச் சேர்த்தே எழுதுங்கள். அடுத்தது, பொதுப் பாதி யார் கையிலும் இருக்கலாம்; அதை வைத்திருப்பவர் எவரும் போலிப் பதிவு ஒன்றை மறையாக்கி அனுப்ப முடியும். எனவே டேப்லெட் ஒவ்வொன்றுக்கும் தனி டிஜிட்டல் கையெழுத்துச் சாவி கொடுத்து, இணையம் வந்து பதிவுகள் ஏறும்போது, எந்தக் கருவி, எந்த ஊழியர் என்று சர்வர் சரிபார்த்த பின்பே கேஎம்எஸ்ஸை அழைத்துத் திறக்கும்படி எழுதுங்கள். கையெழுத்து பொருந்தாத பதிவைத் தூக்கி எறியாமல் தனியே நிறுத்தி வைத்து, அந்த ஊர்ப் பொறுப்பாளரிடம் எடைச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.